முலாம் எதையும் மறைக்காது: பழைய ரிவால்வர் பாகங்களை வைத்து ஒரு பால பாடம்

பழைய சாமான்களைப் புதுப்பிப்பவர்கள் கூடும் இடத்தில் ஒரு வாசகம் தவறாமல் காதில் விழும்: "துருவா? நிக்கல் போட்டுட்டாப் போச்சு." சைக்கிள் ஹேண்டில்பாருக்கும் இதே வைத்தியம், தையல் மெஷின் சக்கரத்துக்கும் இதே வைத்தியம், 150 வயதான ரிவால்வரின் திருகுக்கும் இதே வைத்தியம். பெயின்ட் அடிப்பதுபோல மேலே ஒன்றைப் பூசிவிட்டால் கீழே இருப்பது மறைந்துவிடும் என்ற நினைப்பு.

உண்மை நேர்மாறானது. முலாம் மறைக்காது, காட்டிக்கொடுக்கும். அடியில் ஒரு கீறல் இருந்தால் அது பளபளக்கும் கீறலாக மாறும், அவ்வளவுதான். ஏன் என்று புரிய, முலாம் எப்படி ஒட்டுகிறது என்று தெரிய வேண்டும்.

உதாரணத்துக்கு 1870-களில் அமெரிக்காவில் செய்த ஒரு ரிவால்வரை எடுத்துக்கொள்வோம். கழற்றிப் போட்டால் ஒரு தட்டு நிறையச் சிறு பாகங்கள்: நாலைந்து திருகு, விசை (ட்ரிகர்), அதைச் சுற்றியிருக்கும் காப்பு வளையம், தோட்டாவை வெடிக்க அடிக்கும் சுத்தியல், ஸ்பிரிங். முலாம் பூசுவதில் வரக்கூடிய சிக்கல் எல்லாம் இந்த ஒரு தட்டிலேயே இருக்கிறது. அதனால்தான் இந்த உதாரணம்.

முதலிலேயே ஒன்று. இந்தியாவில் இதை வெறும் பொழுதுபோக்காகக் கையில் எடுக்க முடியாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். பழுதுபார்த்தாலும் இனிச் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு.

ஈயம் பூசுகிறவரும் கவரிங் நகையும்

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைப் பார்த்தவர்கள் இன்னும் இருப்பார்கள். துருத்தி வைத்து ஊதிப் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தைத் தேய்த்து, துணியால் ஒரு சுற்றுச் சுற்றுவார். புகை போனதும் உள்ளே வெள்ளிபோல மின்னும். இது சூட்டில் உருக்கிப் பூசும் முறை. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால் இது நடக்கிறது.

நிக்கல் உருக 1455 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் விசையும் திருகும் என்ன கதியாகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே உருக்காமல் பூச வழி வேண்டும்.

கவரிங் நகை அந்த வழியைக் காட்டுகிறது. சிதம்பரம் கவரிங் என்றால் தெரியாத வீடு இல்லை. செம்பு, பித்தளைமேல் தங்கத்தை உருக்கி ஊற்றுவதில்லை. தங்கம் கரைந்த திரவத்தில் நகையை முக்கி, மின்சாரம் செலுத்தி, மெல்லிய படலமாக வளர்க்கிறார்கள். 'வளர்க்கிறார்கள்' என்ற சொல்லைத் தெரிந்துதான் போடுகிறேன். முலாம் பூசப்படுவதில்லை, வளர்க்கப்படுகிறது.

ஆணியும் மயில்துத்தமும்

பள்ளிக்கூடத்தில் செய்த சோதனை நினைவிருக்கும். மயில்துத்தக் கரைசலில், அதாவது நீல நிறக் காப்பர் சல்பேட்டில், இரும்பாணியைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் ஆணி செம்பு நிறமாகும். பேட்டரி இல்லை, வயர் இல்லை.

என்ன நடந்தது? தண்ணீரில் கரைந்திருக்கும் செம்பு, ஒவ்வோர் அணுவும் இரண்டு எலக்ட்ரானை இழந்த நிலையில் மிதக்கிறது. இப்படி எலக்ட்ரான் குறைந்தோ கூடியோ இருக்கும் அணுவுக்கு அயனி என்று பெயர். இரும்பு தன் எலக்ட்ரான்களைச் செம்புக்குக் கொடுத்துவிட்டுத் தான் கரைந்துபோகிறது. எலக்ட்ரான் கிடைத்த செம்பு உலோகமாகி ஆணிமேல் உட்காருகிறது. ஓர் இரும்பு அணு எழுந்து போன இடத்தில் ஒரு செம்பு அணு வந்து அமர்கிறது.

அந்தச் செம்பை விரலால் தேய்த்துப் பாருங்கள், வந்துவிடும். காலடி மண் கரைந்துகொண்டிருக்கும்போதே அதன்மேல் வீடு கட்டினால் எப்படி நிற்கும்? இந்த உதிரும் செம்பை மறந்துவிடாதீர்கள், பின்னால் மறுபடி வரும்.

எலக்ட்ரானை வெளியிலிருந்து கொடுத்தால்

இரும்பே எலக்ட்ரான் தந்ததுதான் தொல்லை. அந்த எலக்ட்ரானை நாமே கொடுத்துவிட்டால் இரும்பு கரைய வேண்டியதில்லை. மின்முலாமின் மூலக்கருத்து இதுதான்.

ஒரு தொட்டியில் நிக்கல் உப்பு கரைந்த பச்சைத் தண்ணீர். மின்சாரத்தைக் கடத்தும் இப்படிப்பட்ட கரைசலுக்கு மின்பகுளி என்று பெயர். பட்டறையில் 'பாத்', அதாவது குளியல் என்பார்கள். காப்பு வளையத்தைச் செம்புக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, மின்வழங்கியின் எதிர்முனையோடு சேர்க்கிறோம். அது எதிர்மின்வாய். இன்னொரு பக்கம் ஒரு நிக்கல் கட்டி, நேர்முனையில். அது நேர்மின்வாய்.

மின்சாரம் ஓடத் தொடங்கியதும் எதிர்முனை வழியாக எலக்ட்ரான்கள் வளையத்துக்கு வருகின்றன. அருகில் வரும் ஒவ்வொரு நிக்கல் அயனியும் இரண்டு எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு உலோகமாகி, இரும்பின் படிக வரிசைமேல் அமர்கிறது. அதன்மேல் அடுத்தது. தண்ணீரில் குறைந்த நிக்கலை ஈடுகட்ட, மறுபக்கத்துக் கட்டி அதே அளவு கரைகிறது.

இத்தாலியின் வோல்ட்டா 1800-இல் முதல் மின்கல அடுக்கை வெளியிட்டார். அதை வைத்து ஐந்தே ஆண்டில், 1805-இல், அதே நாட்டின் புரூனாட்டெல்லி வெள்ளிப் பதக்கங்களில் தங்க முலாம் ஏற்றிக் காட்டினார். ஆனால் இதைத் தொழிலாக்கியவர்கள் இங்கிலாந்தில் பர்மிங்காமின் எல்கிங்டன் குடும்பத்தார், 1840-இல். நிக்கலுக்கு இன்னும் காலம் எடுத்தது. வணிகத்துக்கு ஒத்துவரும் நிக்கல் குளியலுக்குப் பாஸ்டனைச் சேர்ந்த ஐசக் ஆடம்ஸ் 1869-இல் காப்புரிமை பெற்றார். அந்த ஆண்டை நினைவில் வையுங்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஆணியில் செம்பு ஏறியபோது இரும்பு கரைந்தது, அதனால் பிடிப்பு இல்லை. மின்முலாமில் எலக்ட்ரான் வெளியிலிருந்து வருகிறது. இரும்பு அப்படியே நிற்க, அதன்மேல் நிக்கல் அணு அணுவாக வளர்கிறது.

எவ்வளவு ஏறும்?

இது கண்திட்டமாகச் செய்யும் வேலை இல்லை. எவ்வளவு மின்சாரம் ஓடியதோ அவ்வளவு உலோகம். இங்கிலாந்து விஞ்ஞானி ஃபாரடே 1830-களிலேயே கணக்குப் போட்டு வைத்துவிட்டார். 1 ஆம்பியர் மின்னோட்டம் 1 மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட 1.1 கிராம் நிக்கல் படியும்.

10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் பரப்பில் அதைப் பரப்பினால் தடிமன் சுமார் 12 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமனே 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். ஆக, ஒரு மணி நேரம் உழைத்துக் கிடைத்தது முடியின் தடிமனில் ஒரு சிறு பங்கு.

துருப்பிடித்த விசையில் கண்ணுக்குத் தெரியும் குழி ஒன்று இருந்தால் அதன் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காவது இருக்கும், அதாவது 100 மைக்ரான். அதை 12 மைக்ரான் நிக்கல் எப்படி நிரப்பும்? குழியின் அடியிலும் ஓரத்திலும் படலம் ஏறும், குழி குழியாகவே இருக்கும். வாசலில் பள்ளம் இருக்க, மேலே கோலம் போட்டால் பள்ளம் போய்விடுமா?

குழியை நிரப்ப ஒரு வழி உண்டு. தடிமனாகச் செம்பு ஏற்றி, தேய்த்துச் சமன் செய்து, அதன்மேல் நிக்கல் போடலாம். பழைய மோட்டார் பைக் பாகங்களுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். நேர்த்தியான வேலைதான், ஆனால் ரிவால்வரின் எழுத்துப் பொறித்த இடத்தில் செய்தால் எழுத்தும் சேர்ந்து நிரம்பும்.

முன்னால் நீட்டிய கைக்குப் பிரசாதம்

கோவிலில் சுண்டல் கொடுக்கும்போது, நீட்டிய கைக்கு முதலில் விழும். தூணுக்குப் பின்னால் நிற்கிறவருக்கு மிச்சம்தான். மின்சாரமும் இப்படித்தான். துருத்தி நிற்கும் விளிம்பிலும் மூலையிலும் குவியும், உள்வளைவிலும் துளைக்குள்ளும் குறையும். காப்பு வளையத்தின் வெளிப்பக்கத்தில் 15 மைக்ரான் ஏறும்போது உட்பக்கத்தில் 5 மைக்ரான்தான் ஏறியிருக்கலாம். கூர்மையான ஓரங்களில் நிக்கல் கரகரவென்று மொட்டுவிடும்.

திருகுகளில்தான் இது கையைக் கடிக்கும். வழவழப்பான ஒரு கம்பியில் 10 மைக்ரான் ஏற்றினால் விட்டம் 20 மைக்ரான் கூடும், இரு பக்கமும் சேர்த்து. திருகுப் புரி அப்படியில்லை. புரியின் சுவர் சரிவாக இருப்பதால், 60 டிகிரி கோணப் புரியில் அதே 10 மைக்ரான் புரிவிட்டத்தை 40 மைக்ரான் கூட்டிவிடும். நாலு மடங்கு! கழற்றும்போது சுலபமாக வந்த திருகு, பூசி வந்த பிறகு பாதியில் நிற்பது இதனால்தான். கட்டாயப்படுத்தித் திருகினால் பழைய புரி நாசமாகும். விவரம் தெரிந்தவர்கள் புரியை மெழுகாலோ அரக்காலோ மூடிவிட்டுத் தலையை மட்டும் பூசுவார்கள்.

மின்சாரமே இல்லாமல் சீரான தடிமனில் நிக்கல் ஏற்றும் ரசாயன முறையும் ஒன்று உண்டு. பிரென்னரும் ரிடெல்லும் அமெரிக்கத் தேசியத் தரநிலைகள் அமைப்பில் 1946-இல் வெளியிட்டது. உள்வளைவெல்லாம் ஒரே அளவில் ஏறும், இயந்திரப் பாகத்துக்கு அருமையானது. நம் ரிவால்வருக்கு வேண்டாம். அதில் பாஸ்பரஸ் கலந்திருப்பதால் சாயலே வேறு. பழைய நிக்கலுக்குப் பக்கத்தில் வைத்தால் நிறம் ஒத்துப்போகாது.

பத்தில் ஒன்பது வேலை தொட்டிக்கு வெளியே

அணுமேல் அணு அமர வேண்டும் என்றால் நடுவில் எதுவும் இருக்கக் கூடாது. துரு, எண்ணெய், கைரேகை எதுவும்.

சுத்தமாகிவிட்டதா என்று அறிய ஒரு பழைய சோதனை இருக்கிறது. தண்ணீரில் முக்கி எடுத்துப் பாருங்கள். தாமரை இலையில் நிற்பதுபோல முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. உடையாத ஒரே படலமாகத் தண்ணீர் வழிந்தால் தயார். செலவில்லாத சோதனை, இதைத் தவிர்த்துவிட்டு, உரிந்து வந்த முலாமுக்குக் குளியலைக் குறை சொல்கிறவர்கள் நிறையப் பேர்.

பழைய நிக்கல்மேல் புது நிக்கல் போட்டால் நன்றாக ஒட்டும் என்று தோன்றும். ஒட்டாது. காற்றுப்பட்ட நிக்கல் தன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது, புதியது அதன்மேல் அமர்ந்து தாள்போல உரிந்து வரும். பழையதை முழுக்கக் கரைத்து எடுக்க வேண்டும், அல்லது அந்தப் படலத்தை ரசாயனத்தால் உடைத்த கையோடு தொட்டிக்குள் போட வேண்டும்.

பிறகு பஃபிங், அதாவது துணிச்சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றுவது. என் கண்ணில் பழைய துப்பாக்கிகளுக்குத் துருவைவிடப் பெரிய எதிரி இந்தச் சக்கரம். கூரிய விளிம்பு உருண்டுபோகும், திருகுத் துளையின் வாய் கிண்ணம்போல அகலும், தொழிற்சாலை முத்திரை பாதி அழியும். நிக்கல் எதையும் மறைக்காது என்பதால், கண்ணாடிபோல வர வேண்டும் என்று மேலும் மேலும் தேய்க்கிறார்கள். தேய்த்ததைத் திரும்பக் கொண்டுவர வழி இல்லை. அடையாள எண் தேய்ந்தால் மதிப்புக் குறைவதோடு விஷயம் முடியாது. துப்பாக்கியின் அடையாளக் குறியை அழிப்பது முன்சொன்ன சட்டப்படி குற்றம்.

சுருக்கமாக: முலாம் தன் அடியில் இருப்பதை மைக்ரான் கணக்கில் நகலெடுக்கிறது. அழுக்கு இருந்தால் உரியும், குழி இருந்தால் தெரியும், அதிகம் தேய்த்தால் பழமையே போய்விடும்.

முலாம் போட்டால் துரு வராதா?

இங்கேதான் பெரிய குழப்பம். ஜி.ஐ. வாளியையும் நிக்கல் பூசிய இரும்பையும் ஒன்றாகப் பார்க்கிறார்கள்.

ஜி.ஐ. வாளியில் இருப்பது துத்தநாகம். இரும்பைவிடச் சுலபமாக எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் உலோகம் அது. கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், துத்தநாகம் முன்னால் நின்று தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். நிக்கல் அப்படிப்பட்ட தியாகி இல்லை. இரும்புதான் அதைவிடச் சுலபமாக எலக்ட்ரானை விடும். ஒரு ஊசித்துளை இருந்தால் போதும், ஈரம் இறங்கியதும் அந்தத் துளைக்கடியில் இரும்பு வேகமாக அரிபடும். மேலே பளபளப்பு, அடியில் கொப்புளம்.

ஆகவே நிக்கல் வெறும் குடை. ஓட்டை இல்லாதவரை காக்கும். மெல்லிய படலத்தில் ஊசித்துளைகள் இருந்தே தீரும் என்பதால், காட்சிக்காகச் சில மைக்ரான் பூசிவிட்டு 'இனித் துரு வராது' என்பது ஏமாற்று. பூசிய பாகத்துக்கும் எண்ணெய்த் துணி வேண்டும். அடியில் செம்பு இருந்தால் அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவம் கூடாது. அது விரிசல் வழியே இறங்கிச் செம்பைக் கரைத்து நிக்கலைத் தூக்கிவிடும்.

அந்த உதிரும் செம்பு இங்கே திரும்ப வருகிறது. இரும்பைச் சாதாரண மயில்துத்தக் குளியலில் போட்டால், மின்சாரம் வேலையைத் தொடங்கும் முன்பே ஆணியின் கதை நடந்துவிடும். இதைத் தவிர்க்கத்தான் பட்டறைகள் முதல் செம்புப் படலத்துக்குச் சயனைடு குளியலை வைத்திருக்கின்றன. அதில் அமிலம் பட்டால் கொல்லும் வாயு எழும். வீட்டு மொட்டைமாடியில் செய்யும் காரியம் அல்ல.

மொட்டைமாடி என்றதும் இன்னொன்று. நிக்கல் கட்டி கிடைக்காதவர்கள் எவர்சில்வர் கரண்டியை நேர்மின்வாயாகத் தொங்கவிடுகிறார்கள். எவர்சில்வரில் குரோமியம் இருக்கிறது. அது கரைந்து புற்றுநோய் உண்டாக்கும் ஆறிணைதிறக் குரோமியமாக மாறலாம்; தண்ணீர் மஞ்சளானால் அதுதான் காரணமாக இருக்கும். நிக்கல் உப்பும் தோலுக்கும் நுரையீரலுக்கும் ஆகாது, சாக்கடையில் ஊற்றவும் கூடாது.

ஸ்பிரிங் ஏன் உடைகிறது?

தொட்டியில் நிக்கல் மட்டும் எலக்ட்ரான் வாங்குவதில்லை. தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜனும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். பெரும்பாலானது குமிழியாகப் போய்விடும். சில அணுக்கள் எஃகுக்குள் நுழைந்துவிடும், அவ்வளவு சிறியவை. துருவெடுக்க அமிலத்தில் முக்கும்போதும் இதே கதை.

மென்மையான இரும்புக்கு இதனால் பெரிய கேடு இல்லை. ஸ்பிரிங்போல விறைப்பாக்கிய எஃகு நொறுங்கும் தன்மை அடைகிறது. இதற்கு ஹைட்ரஜன் நொறுமை என்று பெயர். பயங்கரம் என்னவென்றால், பூசி முடித்ததும் எல்லாம் நன்றாக இருக்கும். மாட்டி வளைத்து வைத்த சில மணி நேரத்திலோ சில நாளிலோ, யாரும் தொடாதபோது 'டிக்' என்று இரண்டாகும்.

பூசியதும் தாமதிக்காமல் 190 டிகிரியை ஒட்டிய சூட்டில் பல மணி நேரம் அடுப்பில் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்றுவது தொழில்முறை வழக்கம். பழைய ஸ்பிரிங்குக்கு என் யோசனை இன்னும் எளிது: பூசவே பூசாதீர்கள். உள்ளே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?

எது முலாம், எது முலாம் இல்லை

துப்பாக்கியின் கருநீலம் பெயின்ட்டும் இல்லை, முலாமும் இல்லை. புளூயிங் என்பார்கள். இரும்பின் மேல்தோலையே ரசாயனத்தாலோ சூட்டாலோ கறுப்பு ஆக்சைடாக மாற்றுவது. வெளியிலிருந்து எந்த உலோகமும் வரவில்லை. சுத்தியலிலும் விசையிலும் சில சமயம் தெரியும் நீலம், பழுப்பு, வைக்கோல் நிறத் திட்டுகளும் முலாம் இல்லை. எலும்புக்கரியில் புதைத்துச் சுடவைத்துத் தண்ணீரில் போட்டு மேல்தோலைக் கடினமாக்கியதன் சாயல்.

நிக்கலையும் குரோமையும் போட்டுக் குழப்புவதும் வழக்கம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிக்கலில் லேசான மஞ்சள் வெதுவெதுப்பு இருக்கும், குரோமில் நீலக் குளிர்ச்சி. வணிகக் குரோம் முலாம் 1920-களின் நடுவில்தான் வந்தது. 1870-களின் ரிவால்வர் குரோமில் மின்னினால், பின்னால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

1869-ஐ நினைவில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த துப்பாக்கி நிறுவனம் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் மாடல் 3 ரிவால்வரை 1870-இல் கொண்டுவந்தது. இன்னொரு அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான கோல்ட்டின் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வர் 1873-இல் வந்தது. நிக்கல் சரியாக அந்தக் காலத்துப் புதுமை. அழகு மட்டும் காரணம் இல்லை. அன்றைய கரிமருந்து எரிந்து மிஞ்சும் கசடு ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும், நிக்கல்மேல் இருந்தால் துடைத்துவிடலாம்.

அந்தக் காலத்து ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிக்கல் ரிவால்வர்களில் உடல் நிக்கலாக இருந்தாலும் சுத்தியலையும் விசையையும் பொதுவாக அந்த எலும்புக்கரிச் சாயலோடே விட்டார்கள். சேகரிப்பாளர்கள் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். விசையும் நிக்கலில் மின்னினால் முகம் சுருங்கும், விலையும் சுருங்கும்.

நம் தட்டுக்குத் திரும்புவோம். ஸ்பிரிங்கை எடுத்துத் தனியே வையுங்கள். சுத்தியல், விசை, தனியே. பழைய நிக்கல் முக்கால்வாசி நிற்கும் காப்பு வளையத்தைத் துடைத்து எண்ணெய் தடவினால் போதும். மிச்சம் இருப்பது தலை தேய்ந்த இரண்டு திருகு. அவையும் அசல் என்றால் காகிதத்தில் சுற்றிப் பெயரெழுதி வைத்துவிட்டு, புதிதாக இரண்டு செய்து அவற்றின் தலைக்கு நிக்கல் போடச் சொல்லுங்கள்.